20 வருஷம் ஆச்சு. கடவுள் இருக்காருன்னு நம்புறவங்க எனக்கு இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க

#1 கீச்சாங்குப்பத்தான்
21 டிசம்பர் 2024, இரவு 11:40

வணக்கம். நான் இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போற ஆளு, எழுதுறது இதான் மொத தடவ. எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்குங்க.

வர்ற வியாழக்கிழமை 26ஆம் தேதி. சுனாமி வந்து 20 வருஷம். எங்க ஊரு நாகப்பட்டினம் கீச்சாங்குப்பம், ஊர் பேரு சொன்னா அந்த வருஷத்து பேப்பர் படிச்சவங்களுக்கு தெரியும். எனக்கு அப்ப 11 வயசு. அப்பா கடல்ல இருந்தாரு, அவருக்கு ஒன்னுமே தெரியல, படகை லேசா தூக்கி இறக்குன மாதிரி இருந்துச்சாம், திரும்பி வர்றப்பதான் தண்ணியில மெதக்குற சாமானெல்லாம் பாத்து பயந்துருக்காங்க. ஆயா, எங்க பாட்டி, காலையிலயே மீன் ஏலம் எடுக்க கரைக்குப் போயிருந்துச்சு. தங்கச்சிக்கு 6 வயசு, ஆயா போனா பின்னாடியே ஓடிருவா. ஆயா மூணாம் நாள் கெடச்சுச்சு. தங்கச்சி கெடைக்கல. இன்னைக்கு வரைக்கும் கெடைக்கல.

நான் கேக்க வந்தது வேற. எங்கள ஒரு கல்யாண மண்டபத்துல தங்க வச்சிருந்தாங்க. அங்க வந்தவங்கள்ல மூணு பேரு சொன்னது எனக்கு இன்னும் மறக்கல. ஒரு பெரியவர் அம்மாகிட்ட, போன பிறவி கணக்கும்மா, தீந்துச்சுன்னு மனச தேத்திக்கன்னாரு. போர்வை குடுக்க வந்த ஒருத்தரு, இதெல்லாம் கடைசி காலத்து அடையாளம், இப்பவாச்சும் மனம் திரும்புங்கன்னாரு. மூணாவது எங்க சொந்தத்துலயே ஒரு சித்தி, என் தலையத் தடவி, ஒன்னயாச்சும் சாமி காப்பாத்துச்சேன்னு அழுதுச்சு. அது பாசத்துல சொன்னதுதான், தெரியும். ஆனா அந்த மூணுலயும் எனக்கு தாங்க முடியாதது அதுதான், ஏன்னா என்னய காப்பாத்துச்சுன்னா அவள வேணாம்னு விட்டுச்சுன்னுதானே அர்த்தம், 11 வயசுல நான் அப்படித்தான் புரிஞ்சுகிட்டேன், இப்ப 31 வயசுல எனக்கே ஒரு பொண்ணு இருக்கு, இப்பவும் வேற மாதிரி புரியல.

அம்மா தினமும் வெளக்கேத்துது. நான் கோயில் வாசல மிதிச்சு 20 வருஷம். ஒரே வீட்டுல ஒரே சாவு, எப்படி ரெண்டு மாதிரி ஆச்சு? கடவுள் நல்லவரு, எல்லாம் அவரால முடியும்னு நம்புறவங்க சொல்லுங்க. வாதம் பண்ண வரல, நெசமா கேக்குறேன்.

#2 நெய்விளக்கு

தம்பி படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒன்னும் ஓடல. பதில் எங்கிட்ட இல்ல. தங்கச்சிக்காக வேண்டிக்கிறேன்னு எழுத வந்தேன், இந்த இடத்துல அத எழுதலாமான்னே தெரியல.

#3 தில்லைவாசன்

தம்பி, அந்தப் பெரியவர் சொன்னது தப்பான நேரத்துல சொன்னது. அத முதல்ல ஒத்துக்கறேன். ஆனா கன்மம்ங்கறத, அதாவது வினைப்பயனை, தண்டனைன்னு புரிஞ்சுகிட்டா சைவ சித்தாந்தத்துக்கே அநியாயம் பண்ணுன மாதிரி ஆயிடும், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

இந்தக் கேள்வி வெளிநாட்டுலேந்து வந்ததுன்னு சில பேர் நினைக்கறாங்க, இல்ல. வேதாந்தத்தோட மூல நூலான பிரம்ம சூத்திரத்துலயே இருக்கு. உலகத்துல ஒருத்தன் சுகப்படறான் ஒருத்தன் துன்பப்படறான், அப்ப ஈசுவரன் பட்சபாதம் உள்ளவனா, இரக்கம் இல்லாதவனான்னு நேராவே கேக்கறாங்க. அதுக்கு சங்கரர் சொன்ன உவமை மழை. மழை எல்லாத்துக்கும் பொது, நெல்லு நெல்லா முளைக்கறதும் வேற தானியம் வேறயா முளைக்கறதும் விதையால. நம்ம சித்தாந்தம் அங்கேந்து இன்னும் ஒரு படி போறது. பதின்னா இறைவன், பசுன்னா உயிர், பாசம்னா உயிரைக் கட்டியிருக்கற தளை, இந்த மூணும் அநாதி, தொடக்கமே இல்லாதது. உயிரை இறைவன் ஒண்ணுமில்லாததுலேந்து படைக்கல. உயிரை மறைக்கற அழுக்கான ஆணவ மலமும் அவன் உண்டாக்குனது இல்ல, செம்புல படியற பச்சைக் களிம்பு மாதிரி என்னைக்கு செம்போ அன்னைக்கே களிம்பு. அந்தக் களிம்பை நீக்கத்தான் உடம்பும் உலகமும் தர்றான். எல்லாத்தையும் அவனே படைச்சான், அப்ப துன்பத்தையும் அவனே படைச்சான்ங்கற குற்றச்சாட்டு இங்க நிக்காது. அவன் வைத்தியன். நோய் அவன் தந்தது இல்ல.

#4 ஈரோட்டுக்காரன்

கீச்சாங்குப்பத்துத் தம்பிக்கு என் வணக்கம். நான் கடவுள் இல்லங்கிற கட்சி, 30 வருஷமா. ஆனா இந்த இழையில ஜெயிக்கணும்னு எழுதல.

வாசன் ஐயா சொன்னது நேர்மையான பதில், பாதி பேரு இவ்வளவு தூரம் கூட யோசிக்கிறது இல்ல. இருந்தாலும் எனக்கு ஒரு எடத்துல இடிக்குது. வைத்தியர்னா நோயாளிகிட்ட உனக்கு என்ன நோய், எதனால வந்துச்சு, இந்தக் கசப்பு எதுக்குன்னு சொல்லணும்ல? 6 வயசுப் புள்ளைக்கு எந்தப் பிறவியில என்ன செஞ்சோம்னு ஞாபகமே இல்ல. ஞாபகம் இல்லாத ஒன்னுக்கு வைத்தியம்னு சொல்லி உயிரெடுத்தா அந்தப் புள்ள அதுலேர்ந்து என்ன கத்துக்கும்?

இன்னொன்னு. அதே 2004, சுனாமிக்கு 5 மாசம் முன்னாடி, ஜூலை 16, கும்பகோணத்துல பள்ளிக்கூடத்துல தீப்பிடிச்சு 94 பிள்ளைங்க செத்தாங்க. கூரைக் கொட்டகை, பக்கத்துலயே அடுப்பு. அப்பவும் விதின்னு சொன்னவங்க இருந்தாங்க. விதின்னு சொன்னவுடனே கூரைக்கும் அடுப்புக்கும் யார் பொறுப்புங்கிற கேள்வி பின்னாடி போயிடுது பாருங்க, அதுதான் எனக்கு ஆத்திரம். கடவுள் இருக்காரா இல்லையாங்கிறத விட இந்த விளக்கம் மனுசனை என்ன பண்ணுதுங்கிறதுதான் என் கவலை.

எபிகியூரஸ்ங்கிற பழைய கிரேக்கத் தத்துவஞானி பேரால சொல்ற கேள்வி பல பேருக்குத் தெரியும். துன்பத்தைத் தடுக்க மனசு இருந்தும் முடியலையா, அப்ப சர்வ வல்லமை இல்ல. முடிஞ்சும் மனசு இல்லையா, அப்ப நல்லவர் இல்ல. ரெண்டும் இருக்குன்னா துன்பம் எங்கேர்ந்து வந்துச்சு? 2000 வருஷத்துக்கு மேல ஆச்சு, இதுக்கு நேரா ஒரு பதில் நான் இன்னும் பாக்கல.

#5 மண்ணியல்_மாணிக்கம்

ஒரு விசயம் மட்டும் சேத்துக்கறேன், நான் ஜியாலஜி படிச்சவன். அன்னைக்கு சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கு அடியில 9.1 அளவுல பூமி அதிர்ந்தது நம்ம நேரம் காலையில 6:29. பூமியோட மேலோட்டுத் துண்டான இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில சொருகிப் போற எடம் அது, 1,200 கிலோமீட்டருக்கு மேல கிழிஞ்சுது. அலை நாகப்பட்டினம் வந்து சேந்தது 9 மணி சுமாருக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல டைம் இருந்துச்சு. பசிபிக் கடலுக்கு எச்சரிக்கை மையம் 1949லயே வந்தாச்சு. இந்தியப் பெருங்கடலுக்கு ஒன்னுமே இல்ல. நமக்கு ஐதராபாத்ல மையம் வந்தது 2007ல.

சுமத்ரா பக்கத்துலயே சிமுலுன்னு ஒரு தீவு, அதிர்ச்சி நடந்த எடத்துக்கு ரொம்பக் கிட்ட. 1907ல அங்க ஒரு சுனாமி வந்து ஏகப்பட்ட பேரு செத்ததால, பூமி ஆடுனா, கடல் உள்வாங்குனா மலைக்கு ஓடுன்னு பாட்டி பேரனுக்கு சொல்லி சொல்லியே வந்துருக்காங்க, அதுக்கு ஸ்மோங்னு ஒரு சொல் வச்சிருக்காங்க. 2004ல 78,000 பேரு இருந்த தீவுல செத்தது 7 பேரு. புதுச்சேரி பக்கம் நல்லவாடுல சிங்கப்பூர்ல இருந்து ஒரு போன் வந்து, அத வச்சு மைக்ல சொல்லி ஊரையே வெளியேத்துனாங்க.

அதனால தட்டு நகர்றது இயற்கை, அது நகராம இருந்தா மலையும் இல்ல, பூமியோட உள்சூடும் காத்துல இருக்குற கரியமில வாயுவும் இந்த அளவுல நிக்காது, நாமளே இருந்திருக்க மாட்டோம். சாவு எண்ணிக்கை மட்டும் முழுசா இயற்கை இல்ல. கடவுள்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடி நம்மகிட்ட கேக்க வேண்டியது நெறைய இருக்குன்னு எனக்குத் தோணுது.

#6 கீச்சாங்குப்பத்தான்

மாணிக்கம் சார், அந்த ரெண்டு மணி நேரம் விசயம் எனக்கு காலேஜ் போனப்பறம்தான் தெரியும். அன்னைக்கு ராத்திரி பூரா தூங்கல. 6:29க்கு நானும் தங்கச்சியும் வீட்டு வாசல்ல உக்காந்து மொத நாள் கெடச்ச கிறிஸ்துமஸ் கேக்கு மிச்சத்தப் பங்கு போட்டுகிட்டிருந்தோம்.

#7 ஜோ_தூத்துக்குடி

தம்பி, அந்தப் போர்வை குடுத்தவர் என் மதத்துக்காரரா இருக்கலாம். அவர் சார்பா மன்னிப்பு கேட்டுக்கிறேன், கேக்க எனக்கு அதிகாரம் இருக்கான்னு தெரியல, இருந்தாலும் கேக்கறேன்.

அவர் பைபிளை நல்லா படிச்சிருந்தா அப்படி சொல்லியிருக்க மாட்டார். லூக்கா 13ல சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தத இயேசுவே எடுத்துப் பேசுறார். அந்த 18 பேரும் எருசலேம்ல இருந்த மத்தவங்கள விடப் பெரிய பாவிகன்னு நெனைக்கிறீங்களா, இல்லங்கிறார். யோவான் 9ல பிறவிக் குருடனைக் காட்டி, யார் பாவம் செஞ்சது, இவனா இவனப் பெத்தவங்களான்னு சீடர்கள் கேக்கும்போது ரெண்டும் இல்லன்னார். துன்பம் வந்தவன்கிட்ட போய் கணக்குப் பாக்காதன்னு இதைவிடத் தெளிவா எப்படி சொல்றது?

வேளாங்கண்ணியில அன்னைக்கு கிறிஸ்துமஸ்க்கு அடுத்த நாள், ஞாயிறு. பூசை பாத்துட்டு கடற்கரைக்குப் போனவங்க எத்தனையோ பேர் போயிட்டாங்க. பேராலயத்துக்குள்ள தண்ணி வரல. அத அற்புதம்னு இன்னைக்கும் சொல்றாங்க. எங்க அம்மாவும் சொல்லுவாங்க. எனக்கு அந்தப் பேச்சு கேட்டா நெஞ்சு வலிக்கும், கரையில நின்னவங்களும் மாதாவைப் பாக்க வந்த பிள்ளைங்கதானே.

நான் ஏன் இன்னும் நம்புறேன்னா, பைபிள்ல ஒரு தப்பும் பண்ணாம எல்லாத்தையும் இழந்த யோபு கதையில ஒரு எடம். யோபுவோட கூட்டாளிங்க மூணு பேரும் அத்தியாயம் அத்தியாயமா கடவுளுக்காக வாதாடுறாங்க, நீ ஏதோ தப்பு பண்ணிருக்க, கடவுள் நியாயஸ்தர்ங்கிறாங்க. யோபு கடவுள்கிட்டயே சண்டை போடுறான். கடைசியில கடவுள் கோவப்படுறது யார்மேல? தனக்காக வாதாடுன மூணு பேர்மேல. என் ஊழியன் யோபு பேசுன மாதிரி நீங்க என்னைப் பத்தி சரியா பேசலன்னு சொல்லிடுறார். ஏன் துன்பம்ங்கிறதுக்கு அங்கயும் பதில் இல்ல, அது எனக்குத் தெரியும். ஆனா அடுத்தவன் வலிக்கு நியாயம் கற்பிக்கிறது பக்தி இல்லன்னு எங்க வேதமே சொல்லுது. 20 வருஷம் கோயிலுக்குப் போகாத நீங்க, மண்டபத்துக்கு வந்த அந்த மூணு பேரை விடக் கிட்டத்துல நிக்கிறீங்கன்னு நான் நம்புறேன்.

#8 முல்லை_மதி

நான் முல்லைத்தீவு, இப்ப கனடாவில இருக்கிறன். எங்கட ஊரிலயும் அதே நாள்தான் கடல் வந்தது. என்ர பெரியம்மா வீட்டில நாலு பேர். ஆனா உண்மையச் சொன்னா நான் அதுக்காக கடவுளோட கோவிக்கேல்ல. கடலுக்கு மனம் இல்லை, அது ஒருத்தரையும் பாத்து வரேல்ல.

நாலரை வருசத்தால, 2009இல, அதே மாவட்டக் கரையில பங்கருக்குள்ள இருந்தம். அங்க விழுந்தது மனிசர் கணக்குப் பாத்து அடிச்ச ஷெல். என்ர தம்பிக்கு 14 வயசு. அதுக்குப் பிறகுதான் எனக்கு உந்தக் கேள்வி வந்தது. இங்க வந்தாப் பிறகு ஒரு பாதர் சொன்னவர், கடவுள் மனிசருக்கு சுதந்திரம் குடுத்தவர், அதைப் பிழையாப் பாவிச்சது மனிசர்தான் எண்டு. நல்ல மனிசன் அவர், எனக்கு வேலை எடுத்துத் தந்தவரே அவர்தான். ஆனா எனக்கு விளங்கேல்ல. அடிச்சவனுக்கு சுதந்திரம் இருந்தது சரி, என்ர தம்பிக்கு உயிரோட இருக்கிற சுதந்திரம் எங்க போச்சு? ஒருத்தன்ர சுதந்திரத்தைக் காப்பாத்த இன்னொருத்தன்ர எல்லாச் சுதந்திரத்தையும் குடுக்க வேண்டி வந்தா, அந்தக் கணக்கை எழுதினது ஆர்?

நான் இப்பவும் செவ்வாய்க்கிழமையில பிள்ளையாரிட்டப் போறனான். ஏன் எண்டு கேட்டா சொல்லத் தெரியாது.

#9 தத்துவம்_முதுகலை

மதி அக்கா கேட்டது ரொம்ப ஆழமான கேள்வி, நாங்க செமினார்ல ஒரு செமஸ்டர் பூரா இதைத்தான் பேசுனோம், ஆனா அக்கா மாதிரி யாரும் கேக்கல.

ஈரோட்டு ஐயா சொன்ன வடிவத்த 1955ல ஜே. எல். மேக்கிங்கற தத்துவக்காரர் ஒரு கட்டுரையில இறுக்கமா எழுதுனாரு, நல்லவர், வல்லவர், தீமை உண்டு, இந்த மூணும் ஒன்னா நிக்க முடியாதுன்னு. அதுக்கு ஆல்வின் பிளான்டிங்காங்கற இன்னொரு தத்துவக்காரர், மதி அக்காகிட்ட பாதர் சொன்ன மாதிரி சுதந்திர வாதத்த வச்சு பதில் சொன்னாரு. அந்தப் பதில் ஒன்னே ஒன்னைத்தான் காட்டுது, மூணும் சேந்து இருக்குறது தர்க்கப்படி முரண்பாடு இல்ல, அவ்வளவுதான். நிறைய தத்துவக்காரங்க, நாத்திகர்களும் சேத்து, அந்த அளவுக்கு அதை ஏத்துக்கிட்டாங்க. ஆனா ஒன்னு முரண் இல்லைங்கறதும் அதை நம்பலாம்ங்கறதும் வேற வேற. 1979ல வில்லியம் ரோ ஒரு மான்குட்டிய உதாரணம் காட்டுனாரு. யாரும் இல்லாத காட்டுல தீப்பிடிச்சு ஒரு மான்குட்டி வெந்து பல நாள் துடிச்சு சாகுது. யாரோட சுதந்திரமும் அங்க இல்ல, யாரும் பாடம் கத்துக்கல. இந்த மாதிரி ஒரு சாவால எந்தப் பெரிய நன்மை வந்துடும்? இதுக்கு நம்பிக்கையாளர்கள் சொல்றது, நமக்குத் தெரியலங்கறதால காரணமே இல்லன்னு ஆகாதுன்னு. அதுவும் நியாயமான பதில்தான், ஆனா அப்படி சொன்னா நல்லவர்ங்கற சொல்லுக்கு நமக்குத் தெரிஞ்ச அர்த்தம் ஏதாச்சும் மிஞ்சுமாங்கறதுதான் என் சந்தேகம்.

1755 நவம்பர் 1 போர்ச்சுகல்ல இருக்குற லிஸ்பன்லயும் வேளாங்கண்ணி மாதிரிதான். புனிதர் எல்லாருக்குமான திருநாள், சனங்க பூசையில இருக்கும்போது நிலநடுக்கம், பின்னாடியே கடல், அப்பறம் தீ. இருக்கக்கூடிய உலகங்கள்லயே இதுதான் சிறந்ததுன்னு ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸ் எழுதி அப்ப 45 வருஷம். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேருக்கு அந்த வாதத்தை அதுக்கப்பறம் பொறுத்துக்கவே முடியல.

நம்ம ஊர்ல நடந்த ஒன்னு இன்னும் கிட்டத்துல இருக்கு. 1934 ஜனவரி 15 பீகார் நிலநடுக்கம். காந்தி அப்ப தமிழ்நாட்டுல சுத்துப்பயணம், திருநெல்வேலியில பேசும்போது இது தீண்டாமைங்கற பாவத்துக்குக் கெடச்ச தண்டனைன்னாரு. தாகூர் உடனே மறுத்து எழுதுனாரு, இயற்கையோட நிகழ்வை நம்ம ஒழுக்கக் கணக்கோட முடிச்சுப் போடக் கூடாதுன்னு. காந்தி அந்த மறுப்பைத் தன்னோட ஹரிஜன் பத்திரிகையிலயே போட்டு பதிலும் எழுதுனாரு. காந்தியோட நோக்கம் உயர்ந்தது, தீண்டாமைய ஒழிக்கணும்னுதான் சொன்னாரு. ஆனா செத்தவங்கள்ல தீண்டாமைக்கு ஆளானவங்களும் இருந்தாங்கல்ல. எனக்கு தாகூர் பக்கம்தான் சரின்னு படுது.

#10 நர்ஸ்_கலா

நான் பிள்ளைங்க கேன்சர் வார்டுல 17 வருஷமா நர்ஸா இருக்கேன். நைட் டியூட்டி முடிச்சுட்டு எழுதுறேன், கோர்வையா இல்லாட்டி பொறுத்துக்குங்க.

கன்மம்னு பெரியவங்களுக்குள்ள பேசிக்கிறதெல்லாம் பிள்ளைங்க காதுல விழுது. கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுதான் பாட்டிமாருங்க பேசுவாங்க. ஒரு பையன், 7 வயசு, ரத்தப் புத்து. ராத்திரி 2 மணிக்கு என்னைக் கூப்புட்டு, சிஸ்டர் நான் யாரை அடிச்சேன்னு கேட்டான். எனக்குப் புரியல. போன ஜென்மத்துல நான் யாரையோ அடிச்சிருக்கேன்னு அப்பத்தா சொல்லுச்சு, யாருன்னு தெரிஞ்சா சாரி சொல்லிடுவேன்னான். வாசன் ஐயா, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல, நானும் திருவாசகம் படிக்கிறவதான். ஆனா அந்தப் பையன்கிட்ட களிம்பு, செம்புன்னு நான் என்ன சொல்றது? நீ யாரையும் அடிக்கலடா தங்கம், இது உடம்புக்குள்ள ஒரு செல்லு வழி தவறுனது, அவ்வளவுதான்னு சொன்னேன். நம்பலாமான்னு என் மூஞ்சிய ரொம்ப நேரம் பாத்தான்.

அந்தப் பிள்ளைங்களுக்கு ஏத்துற மருந்துல வின்கிரிஸ்டின்னு ஒன்னு இருக்கு. அது நித்தியகல்யாணிச் செடியில இருந்து எடுக்குறது. நம்ம வாசல்ல தானா முளைச்சுக் கெடக்குமே, சில ஊர்ல சுடுகாட்டுல பூக்குதுன்னு சுடுகாட்டு மல்லின்னு கூட சொல்லுவாங்க, தலையில வைக்க மாட்டாங்க, அதே செடி. ஒரு அப்பா இதக் கேட்டுட்டு, பாத்தியா சிஸ்டர், கடவுள் நோயையும் குடுத்து வாசல்லயே மருந்தையும் வச்சிருக்கான்னு கையெடுத்துக் கும்புட்டாரு. பக்கத்துக் கட்டில் அப்பா, அவரு பிள்ளை மொத வாரமே போயிடுச்சு, சாமானை எடுக்க வந்தவரு, வச்சவன் 1960 வரைக்கும் ஏன் யாருக்கும் சொல்லலன்னு கேட்டாரு. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருத்தர ஒருத்தர் பாத்துகிட்டு நின்னாங்க. அப்பறம் முதல் ஆளு அவரோட பையத் தூக்கிட்டுப் போய் பஸ் ஏத்தி விட்டுட்டு வந்தாரு.

முன்னெல்லாம் இந்த நோய் வந்த பிள்ளை ஒன்னுகூடப் பொழைக்காதாம். இப்ப நல்ல வைத்தியம் கெடைக்குற எடத்துல 10க்கு 8க்கு மேல பொழைக்குது. நான் யார் பக்கம்னு கேட்டா எனக்கே தெரியல. டிரிப்பு போடுறப்போ உதட்டுக்குள்ள நமச்சிவாயம்னு வருது.

#11 நாகூர்_ரஹ்மத்

சலாம், வணக்கம். கீச்சாங்குப்பம் எனக்கு ரொம்பத் தூரம் இல்ல.

அன்னைக்கு மையத்து, அதாவது சடலம், வந்துகிட்டே இருந்துச்சு. அடக்க எடம் பத்தல. நாகூர் தர்கா எடத்துல குழி வெட்டுனாங்க, எங்க வாப்பாவும் வெட்டுனாரு, நானும் கூட நின்னேன், எனக்கு அப்ப 19. எந்த மதம், எந்த ஊருன்னு பாக்குற நெலமையில ஒரு மையத்தும் இல்ல. பேரு தெரியாதவங்க நெறைய. சின்னப் பிள்ளைங்களும். வாப்பா ஒவ்வொருத்தருக்கும் இன்னா லில்லாஹி சொன்னாரு, நாம அல்லாவுக்கு உரியவங்க, அவன்கிட்டயே திரும்பிப் போறவங்கன்னு. அவங்க முஸ்லிமா இல்லையான்னு தெரியாதே வாப்பான்னு கேட்டேன். தெரியாதுதான், ஆனா யார்கிட்டயாவது ஒப்படைச்சுட்டுத்தானே மண்ணத் தள்ளணும், சும்மா எப்படி மூடுறதுன்னாரு.

உங்க கேள்விக்கு இது பதில் இல்ல தம்பி. எங்க மார்க்கத்துல இத சோதனைன்னு சொல்லுவாங்க, பொறுமையா இருக்கணும்பாங்க. நான் நம்புறேன். என் சோதனைய நான் சோதனைன்னு சொல்லிக்கலாம், உங்க தங்கச்சிய எனக்கு வந்த சோதனைன்னோ உங்களுக்கு வந்த சோதனைன்னோ சொல்ல எனக்கு வாய் வரல. அவ யாருக்கும் பரீட்சைத்தாள் இல்ல.

#12 ஈரோட்டுக்காரன்

ரஹ்மத் பாய், உங்க வாப்பா சொன்னத இன்னைக்குப் பூரா நெனைச்சுகிட்டே இருந்தேன்.

புறநானூறு 194, பக்குடுக்கை நன்கணியார். ஒரு வீட்டுல சாவுப் பறை, ஒரு வீட்டுல கல்யாண முழவு. ஒருத்தி பூ வச்சிருக்கா, ஒருத்தி கண்ணுல தண்ணி. இப்படி ஒரு உலகத்தப் படைச்சவன் பண்பில்லாதவன்னு நேராவே எழுதிட்டாரு, படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்னு. வள்ளுவரும் 1062ல, பிச்சை எடுத்துத்தான் உயிர் வாழணும்னா உலகத்த இயற்றுனவன் அலைஞ்சு கெட்டுப் போகட்டும்ங்கிறாரு. நம்ம மொழியில இந்தக் கோவத்துக்கு எடம் இருந்துச்சு. இடையில எப்பவோ கோவப்படுறது பாவம்னு ஆக்கிட்டாங்க, அதான் மண்டபத்துல உக்காந்திருந்த 11 வயசுப் பையனுக்கு கத்துறதுக்குக் கூட எடம் இல்லாமப் போச்சு.

#13 தத்துவம்_முதுகலை

அந்தப் பாட்டோட கடைசி ரெண்டு அடியும் சேத்துப் படிக்கணும்ங்க ஐயா. இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந்தோரே. திட்டிட்டு விட்டுடல. உலகம் கொடுமையானதுதான், அதோட இயல்பு தெரிஞ்சவங்க இனியதைக் காணட்டும்னு முடிக்கிறாரு. படைச்சவன் இல்லன்னும் சொல்லல, அவனுக்காகப் பரிஞ்சும் பேசல.

#14 தில்லைவாசன்

கலாம்மா எழுதுனதப் படிச்சப்பறம் ரெண்டு நாள் இந்தப் பக்கம் வரல.

சித்தாந்தம் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், அது என் உயிர்மூச்சு. ஆனா அது ஒருத்தன் தன் துன்பத்தைப் பாத்து சொல்லிக்கறதுக்கு. அப்பர் சுவாமிகள் சூலை நோய்ல துடிச்சப்ப, கூற்றாயினவாறு விலக்ககிலீர்னு, எமன் மாதிரி வதைக்கற இந்த நோயை விலக்க மாட்டேங்கறீரேன்னு பாடுனார், கொடுமை பல செய்தன நான் அறியேன்னும் சொல்றார். அவர் வயித்துல இருந்த வலிக்கு அவரே சொன்னது. அவரோட அக்கா திலகவதியார் தம்பிகிட்ட உன் கன்மம்னு சொல்லல, திருநீறு குடுத்துக் கோயிலுக்குக் கூட்டிண்டு போனார். எத்தனையோ தடவ இந்தக் கதைய நானே மேடையில சொல்லிருக்கேன், இந்த வித்தியாசம் கண்ணுல படல.

வள்ளலாரும் ஜீவகாருண்ய ஒழுக்கத்துல இதே கேள்விய எடுக்கறார். பசி கன்மத்தால ஈசன் கட்டளைப்படி வர்றதுன்னா, சோறு போடறது கட்டளைக்கு விரோதம் ஆகாதான்னு. அரசன் சிறையில இருக்கற குற்றவாளிக்கும் சேவகரை விட்டு சோறு போடறான்ல, அந்த மாதிரின்னு விளக்கறார். 1867ல வடலூர்ல மூட்டுன அடுப்பு இன்னும் எரியறது. அங்க சாப்பிட வர்றவன்கிட்ட ஏன் பசிக்கறதுன்னு யாரும் கேக்கறதில்ல.

தம்பி, என் முதல் பதிவுல சொன்னதை உங்ககிட்ட சொல்லிருக்கக் கூடாது. வருத்தம்.

#15 முல்லை_மதி

வாசன் ஐயா, இதை நீங்கள் எழுதினதுக்கு நன்றி. என்ர அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான்.

#16 கீச்சாங்குப்பத்தான்
26 டிசம்பர் 2024, பகல் 12:15

எல்லாரும் எழுதுனத மூணு நாளா போன்ல படிச்சேன். சில பதிவ ரெண்டு மூணு தடவ.

இன்னைக்கு காலையில ஊரோட கரைக்குப் போனோம், வருஷா வருஷம் பால் ஊத்துவோம், நான் எப்பவும் கொஞ்சம் தள்ளிதான் நிப்பேன். இந்த தடவ வர்ற வழியில அம்மாகிட்ட கேட்டுட்டேன், 20 வருஷத்துல மொத தடவயா. எப்படிம்மா ஒன்னால இன்னும் சாமி கும்புட முடியுதுன்னு.

அம்மா சொன்னத அப்படியே எழுதுறேன். நான் கும்புடுறேன்டா, ஆனா எதையும் கேக்குறதில்ல. அன்னைக்கோட கேக்குறது போச்சு. ஒன் பொண்டாட்டிக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில கெடந்தப்பக்கூட வெளக்கு ஏத்துனேன், வாயத் தொறந்து ஒன்னும் கேக்கல. அவன் நல்லவனா கெட்டவனான்னு எனக்குத் தெரியாது. ஆனா அவனே இல்லன்னு ஆயிட்டா பாப்பாவ நான் யாருகிட்ட விட்டு வச்சிருக்கேன்? ஆயாவ நாம பாத்தோம், எடுத்தோம், எரிச்சோம். பாப்பாவ யாரு கையில குடுத்தேன் நானு?

எங்க அம்மா ரஹ்மத் அண்ணனோட வாப்பாவப் பாத்ததே இல்ல.

நான் நம்புறவனா மாறிட்டேன்னு நெனைக்காதீங்க. மாறல. ஆனா அம்மா சாமி பக்கம் நிக்குது, நான் தங்கச்சி பக்கம் நிக்கிறேன்னு இவ்வளவு நாளா நெனச்சிருந்தேன். அது தப்பு. அம்மாகிட்ட அத சொல்லணும், எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.

ரஹ்மத் அண்ணே, நீங்க எழுதுனத அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். பேரு தெரியாதவங்க, சின்னப் பிள்ளைங்கன்னு வந்தப்ப போன வாங்கி கையில வச்சுகிட்டு உக்காந்திருச்சு, அதுக்குப் படிக்கத் தெரியாது. அந்த எடத்தப் பாக்கணும்ங்குது. நாங்க வரலாமா? பொம்பளைங்க வரலாமா? எத்தன மணிக்கு வந்தா தோதா இருக்கும்?

#17 நாகூர்_ரஹ்மத்

தாராளமா வாங்க தம்பி. அசர் தொழுகை முடிஞ்சு நாலரை மணிக்கு மேல வாங்க, வெயிலும் தணிஞ்சிருக்கும். நான் வாசல்லயே நிக்கிறேன். அம்மாவால ரொம்ப தூரம் நடக்க முடியாதுன்னா முன்னாடியே சொல்லிடுங்க, ஆட்டோவ உள்ள வரைக்கும் விடச் சொல்றேன். வாப்பாவும் வர்றேங்கிறாரு.